டிசைன் லீட் ஆன பிறகு எதைப் பார்ப்பது? விளைவைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யப் பழகும் வழி

நல்ல டிசைனரைத்தான் டிசைன் லீட், அதாவது செயலிகளையும் தளங்களையும் வடிவமைக்கும் குழுவின் தலைவர், ஆக்குகிறார்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடினாலும் கண்டுபிடிக்கிற கண், ஐகான்கள் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் உறுத்துகிற மனசு, இவற்றுக்காகத்தான் அந்தப் பதவி வருகிறது. பதவி வந்த அடுத்த வாரம் பெரும்பாலானோர் செய்வது ஒன்றே. குழுவில் உள்ள நான்கைந்து பேரின் ஃபிக்மா (ஸ்க்ரீன்களை வரையும் மென்பொருள்) ஃபைல்களைத் திறந்து, ஸ்க்ரீன் ஸ்க்ரீனாகக் கமென்ட் போடுவார்கள். "இதை 4 பிக்சல் மேலே ஏத்துங்க." "இந்த நீலம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியா இருக்கட்டும்." கமென்ட் எல்லாம் சரியானவையாகவே இருக்கும். மூன்று மாதம் கழித்து மேலதிகாரி வந்து, "உங்க டீம் செஞ்ச வேலையால என்ன மாறுச்சு?" என்று கேட்டால்தான் சொல்லப் பதில் இருக்காது. அதற்குள் குழுவில் இருப்பவர்களும் தாங்களாக முடிவெடுப்பதை நிறுத்திவிட்டு, எதற்கும் உங்கள் கமென்டுக்காகக் காத்திருக்கப் பழகியிருப்பார்கள்.

சென்னை, கோவை, பெங்களூரு என்று ப்ராடக்ட் கம்பெனிகளில் புதிதாக லீட் ஆனவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஸ்க்ரீனைத் திறப்பதற்கு முன்னால், இந்த வேலை முடிந்ததும் யாருக்கு எது மாறியிருக்க வேண்டும் என்பதை ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள். எந்த நுணுக்கத்தில் நீங்கள் இறங்க வேண்டும், எதைக் குழுவிடம் விட வேண்டும் என்பதை அந்த வாக்கியமே காட்டிக்கொடுக்கும். நுணுக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சரியான இடத்தில் செலவாக வேண்டும் என்பதுதான் கவலை.

எழுத்தைப் பெரிதாக்கிய வாக்குச்சீட்டு

புதிதாக வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் எந்தச் செயலியும் இல்லாதது. 2000 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தது. ஃப்ளோரிடா மாநிலத்தின் பாம் பீச் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) வயதான வாக்காளர்கள் நிறைய. அந்த முறை அதிபர் வேட்பாளர்களும் நிறைய. எல்லாப் பெயர்களையும் ஒரே பக்கத்தில் அடக்கினால் எழுத்து சின்னதாகி முதியவர்களால் படிக்க முடியாது. அதனால் தேர்தல் அதிகாரி எழுத்தைப் பெரிதாக்கினார். பெயர்களை இடப்பக்கம், வலப்பக்கம் என்று பிரித்துப் போட்டு, வாக்களிக்கத் துளையிட வேண்டிய வரிசையை நடுவில் வைத்தார்.

இடப்பக்கத்தில் முதல் பெயர் புஷ், இரண்டாவது அல் கோர். ஆனால் நடுவில் இருந்த துளைகளில் இரண்டாவது, வலப்பக்கத்தில் இருந்த சிறிய கட்சி வேட்பாளர் புக்கானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை. கோருக்குப் போட வந்த பலர் இரண்டாவது துளையைக் குத்திவிட்டுப் போனார்கள். அந்தக் கவுன்ட்டியில் புக்கானனுக்கு 3,400க்கு மேல் வாக்குகள் விழுந்தன. கோருக்குப் போயிருக்க வேண்டியவை அவற்றில் 2,000க்கும் அதிகம் என்று அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். ஃப்ளோரிடாவில் புஷ் ஜெயித்த வித்தியாசம் 537. அந்த மாநிலம்தான் அதிபர் யார் என்பதையே முடிவு செய்தது.

அந்த அதிகாரி அக்கறையோடுதான் வேலை செய்தார். எழுத்தின் அளவு என்கிற நுணுக்கத்தைச் சரியாகவே கவனித்தார். "எழுபது வயதுக்காரர் ஒருவர், தான் நினைத்த வேட்பாளருக்கே வாக்களித்துவிட்டு வெளியே வர வேண்டும்" என்ற வாக்கியம் அந்த மேஜையில் எழுதி வைக்கப்பட்டிருந்தால் அடுத்த கேள்வி தானாக எழுந்திருக்கும்: பத்து முதியவர்களின் கையில் இந்தச் சீட்டைக் கொடுத்துக் குத்தச் சொல்லிப் பார்த்தோமா? லீடாக நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இந்த வகைதான்.

முதல் படி: விளைவை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

உங்களிடம் வரும் வேலை அநேகமாக ஒரு பொருளின் உருவத்தில்தான் வரும். புது டாஷ்போர்டு வேண்டும், முகப்பை மாற்ற வேண்டும், போட்டியாளர் வைத்திருப்பதைப் போல ஒன்று வேண்டும். அதை வாங்கி அப்படியே குழுவிடம் கொடுத்துவிட்டால், அதன் பிறகு உங்களுக்குப் பேசுவதற்கு நிறமும் இடைவெளியும் மட்டுமே மிஞ்சும்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் பரிசோதனைக்கூடச் செயலி ஒன்றில் நீங்கள் லீட் என்று வைத்துக்கொள்வோம். செயலியில் என்ன செய்வது என்று தீர்மானிக்கும் ப்ராடக்ட் மேனேஜர் வந்து, புக்கிங் ஸ்க்ரீன் பழசாகிவிட்டது, புதிதாகச் செய்து தாருங்கள் என்கிறார். உடனே சரி சொல்லாமல் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள்.

"மாத்தின பிறகு யாரு எதை வேற மாதிரி செய்வாங்க?"

"நிறைய பேர் புக் பண்ணுவாங்க."

"இப்போ பாதியில விட்டுட்டுப் போறாங்களா?"

"அது ஒண்ணும் அவ்வளவா இல்ல. புக் ஆன பிறகுதான் பிரச்சினை. காலையில நம்ம ஆள் போய் நின்னா, சாப்பிட்டுட்டேனேன்னு சொல்றாங்க. திரும்பி வர வேண்டியிருக்கு."

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். புக் செய்தபோது அதை ஒரு ஓரத்தில் படித்தவர், இரண்டு நாள் கழித்துக் காலையில் எழுந்ததும் வழக்கம்போல காபி குடித்துவிடுகிறார். பரிசோதனை தள்ளிப்போகிறது, மருத்துவரைப் பார்ப்பதும் தள்ளிப்போகிறது. இப்போது உங்கள் வாக்கியம் இப்படி வரும்: "வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியவர்கள், நம் ஆள் போகும்போது சாப்பிடாமல் இருப்பார்கள். ரத்தம் எடுக்காமல் திரும்பி வருவது இந்தக் காலாண்டு முடிவதற்குள் பாதியாகக் குறையும்."

இதில் யார் என்பது இருக்கிறது, அவர் என்ன செய்வார் என்பது இருக்கிறது, எப்போதைக்குள், எதை வைத்துத் தெரிந்துகொள்வோம் என்பதும் இருக்கிறது. ஸ்க்ரீன், பட்டன், பக்கம் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தச் சொற்கள் உங்கள் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் நீங்கள் தீர்வை எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம். அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

இப்படி எழுதிய பிறகு தீர்வே வேறாகிவிடலாம். முந்தின நாள் இரவு 8 மணிக்கு ஒரு செய்தி: "நாளை காலை 7 மணிக்கு ரத்தம் எடுக்க வருகிறோம். இன்று இரவு 10 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அதன் பிறகு தண்ணீர் மட்டும். காபி, டீ வேண்டாம்." ஒரு ஸ்க்ரீன்கூட மாற்றாமல் முக்கால்வாசிப் பிரச்சினை தீர வாய்ப்பு இருக்கிறது. டிசைன் குழு செய்யக்கூடிய மிகச் சிறந்த வேலைகளில் இதுவும் ஒன்று. படம் எடுத்துப் போர்ட்ஃபோலியோவில் போட ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

வாக்கியத்தின் அளவில் கவனம் தேவை. "கம்பெனியின் வருமானம் கூடும்" என்று எழுதினால் உங்கள் குழுவின் கையில் இல்லாத நூறு விஷயங்கள் உள்ளே வந்துவிடும். "இந்த பட்டனை அதிகம் பேர் அழுத்துவார்கள்" என்று எழுதினால், அழுத்தியதால் யாருக்கு என்ன நடந்தது என்பது தெரியாது. உங்கள் குழு சில மாதங்களில் மாற்றக்கூடிய, மனிதர்கள் செய்யும் ஒரு காரியம். அந்த அளவில் நில்லுங்கள்.

மீட்டிங் அறையில் உட்கார்ந்தபடியே வாக்கியம் வராவிட்டால் வெளியே போங்கள். வாடிக்கையாளர் சேவை அழைப்புகளை ஒரு காலைப்பொழுது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ரத்தம் எடுக்கப் போகிறவரோடு இரண்டு மூன்று வீடுகளுக்கு வண்டியில் போய் வாருங்கள். பத்துப் பக்க அறிக்கையில் கிடைக்காதது அங்கே வாசற்படியிலேயே கிடைக்கும்.

இரண்டாம் படி: இன்றைய நிலையை எண்ணி வையுங்கள்

வேலை தொடங்கும் முன் இன்றைய எண் கையில் இருக்க வேண்டும். நூறு வீடுகளுக்குப் போனால் எத்தனை வீட்டிலிருந்து ரத்தம் எடுக்காமல் திரும்புகிறார்கள்? கணினியில் அந்தத் தகவல் இல்லாவிட்டால், போகிறவர்களிடம் ஒரு வாரம் தாளில் குறித்து வரச் சொல்லுங்கள். பழைய எண் இல்லாமல் புதிய எண்ணுக்கு மதிப்பில்லை.

எதை அளப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்கு இரண்டு நல்ல முன்மாதிரிகள் உண்டு. பிரிட்டன் அரசு 2011இல் டிஜிட்டல் சேவைகளுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியது. சிதறிக் கிடந்த அரசுத் தளங்களை அவர்கள் ஒன்றாக்கி கவ்.யூகே என்ற பெயரில் 2012 அக்டோபரில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சேவையும் நான்கை அளக்க வேண்டும் என்றும் விதித்தார்கள்: பயன்படுத்தியவர்களின் திருப்தி, தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் நேரில் வராமல் டிஜிட்டல் வழியில் வந்தார்கள், ஒருவருடைய வேலையை முடித்துக் கொடுக்க அரசுக்கு ஆகும் செலவு. அலங்காரம் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத தளம் அது. லண்டன் டிசைன் மியூசியம் 2013ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதை அதற்குத்தான் கொடுத்தது. எனக்கு இந்தச் செய்தி அன்று கொடுத்த தெம்பு கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொன்று, கூகுள் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஹார்ட் என்ற முறை. பயனரின் மகிழ்ச்சி, ஈடுபாடு, புதிதாக எத்தனை பேர் எடுத்துக்கொள்கிறார்கள், எத்தனை பேர் தொடர்கிறார்கள், வந்த காரியம் முடிகிறதா என்று ஐந்து கோணங்கள். ஐந்தையும் அளக்க முயன்று திணற வேண்டாம். உங்கள் வாக்கியத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

அளக்கும்போது வகுபடும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, வகுக்கும் எண்ணை மறப்பதுதான் பெரிய பொறி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அனுபவத்தைப் பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. தேவையில்லாத பார்வையிழப்பே இருக்கக் கூடாது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட நோக்கம். ஊர் ஊராக நடத்திய கண் முகாம்களில் கூட்டம் நிரம்பி வழிந்தது. முகாம்களின் எண்ணிக்கை, வந்தவர்களின் எண்ணிக்கை என்று பார்த்தால் பெருமைப்பட எல்லாம் இருந்தது. ஆனால் 1999இல் வெளியான ஓர் ஆய்வு வராதவர்களையும் சேர்த்து எண்ணியது. கண்ணில் பிரச்சினை உள்ள பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. அதன் பிறகு கிராமப்புறங்களில் நிரந்தரமான பார்வை மையங்களை அமைத்து, மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோ வழியே பார்க்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். முகாம் பந்தலை இன்னும் அழகாகப் போட்டிருந்தால் நூற்றில் வராத 93 பேருக்கு என்ன பயன் கிடைத்திருக்கும்? உங்கள் செயலியைத் திறக்காதவர்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணை வைத்துக்கொண்டாலே விளைவைப் பார்க்கிறோம் என்றும் நினைத்துவிட வேண்டாம். கூகுளில் காட்சி வடிவமைப்புக்குத் தலைமை வகித்த டக்ளஸ் போமன் 2009இல் அங்கிருந்து விலகினார். இரண்டு நீலங்களில் எது என்று முடிவெடுக்க முடியாத ஒரு குழு, நடுவில் உள்ள 41 நீலங்களைச் சோதித்துக்கொண்டிருந்தது என்று அப்போது எழுதினார். ஒரு கோட்டின் தடிமன் 3 பிக்சலா, 4ஆ, 5ஆ என்பதற்கு ஆதாரம் காட்டச் சொன்னார்களாம். எண்களைக் கொண்டே நுணுக்கத்துக்குள் மூழ்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எண்ணைக் கூட்டுவதற்காக மனிதர்களை ஏமாற்றும் வழிகளும் இருக்கின்றன. ரத்து செய்யும் வழியை ஒளித்து வைத்தால் ரத்து குறையும்தான். இந்தியாவில் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 ஏமாற்று வடிவங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. ஆகவே ஒவ்வொரு விளைவு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு காவல் எண்ணையும் எழுதுங்கள். நம் உதாரணத்தில், திரும்பி வருவது குறைய வேண்டும், அதே சமயம் "சாப்பிடவில்லை" என்று பொய் சொல்லி ரத்தம் கொடுப்பவர்கள் கூடிவிடக் கூடாது. சாப்பிட்டுவிட்டவர் வெட்கப்படாமல் பரிசோதனைத் தேதியை மாற்றிக்கொள்ள வழி இருந்தால்தான் அது நடக்காது. பாருங்கள், காவல் எண்ணே ஒரு நல்ல வடிவமைப்பு யோசனையைக் கொடுத்துவிட்டது.

மூன்றாம் படி: வேலையைக் கொடுக்கும் விதம்

குழுவிடம் வாக்கியத்தையும் எண்ணையும் கொடுங்கள். அப்புறம் எல்லைகளைச் சொல்லுங்கள். எந்தத் தேதிக்குள், எந்தச் சட்டம், எந்த ஃபோன்களில் ஓட வேண்டும், எதைத் தொடக் கூடாது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மனதில் ஏற்கெனவே ஒரு ஸ்க்ரீன் தோன்றியிருக்கும். அதை வரைந்து காட்டினால், அடுத்த இரண்டு வாரமும் அவர்கள் அதையேதான் மெருகேற்றுவார்கள். லீடின் கையில் இருந்து வந்த கிறுக்கலைக்கூட யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

"பட்டனை மேல வைக்கவா, கீழ வைக்கவா?" என்று ஜூனியர் ஒருவர் வந்து கேட்டால், "காலையில ஆறரைக்கு அரைத் தூக்கத்துல ஃபோனைப் பார்க்கிறவர் எதை முதல்ல கவனிப்பார்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். முதல் சில வாரங்கள் இது இருவருக்கும் சங்கடமாக இருக்கும். நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ரிவியூவை (செய்த வேலையைக் குழுவாகப் பார்க்கும் கூட்டத்தை) மாற்றி நடத்துங்கள்

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு ரிவியூவில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். ஸ்க்ரீன் கண்முன் வந்ததும் பழைய கண் விழித்துக்கொள்கிறது. அதனால் ரிவியூவின் வரிசையையே மாற்றுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் ஸ்க்ரீனே வரக் கூடாது. வேலை செய்தவர் வாக்கியத்தைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். இன்றைய எண்ணைச் சொல்ல வேண்டும். இந்த வடிவம் அந்த எண்ணை ஏன் மாற்றும் என்று தான் நம்புவதைச் சொல்ல வேண்டும். யாரிடம் காட்டிப் பார்த்தார், அவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதையும். அதன் பிறகே ஸ்க்ரீன். பல சமயம் இந்த ஐந்து நிமிடத்திலேயே ஓட்டை தெரிந்துவிடும். "இரவு 8 மணிக்குச் செய்தி அனுப்பறோம்" என்கிறார் ஒருவர். "காலையில 11 மணிக்கு மேல ரத்தம் எடுக்க புக் பண்ணினவருக்கும் அதே நேரமா? இரவு 9 மணிக்குப் புக் பண்ணினவருக்கு?" என்று இன்னொருவர் கேட்கிறார். ஒரு பிக்சலைக்கூடப் பார்க்காமல் பிடித்த பிழை அது.

ஸ்க்ரீன் வந்த பிறகு உங்கள் நாக்கு நுனியில் நிற்கும் ஒவ்வொரு கருத்தையும் மனதுக்குள் மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று, விளைவைத் தொடுவது: "எத்தனை மணிக்குள்ள சாப்பிடணும்ங்கிறது செய்தியோட கடைசி வரியில இருக்கு, லாக் ஸ்க்ரீன்ல தெரியாது." இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அழுத்தியே சொல்லுங்கள். இரண்டாவது, விதியைத் தொடுவது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும், அழுத்தும் இடம் 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்பவை பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களும் பயன்படுத்துவதற்காக உலக அளவில் ஏற்கப்பட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள். இவற்றை வாரா வாரம் வாயால் சொல்லிக்கொண்டிருப்பது வீண். உங்கள் டிசைன் சிஸ்டத்துக்குள் (குழு முழுவதும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுவான பட்டன், நிறம், அளவுகளின் தொகுப்பு) நிறங்களும் அளவுகளும் ஒருமுறை சரியாக உட்கார்ந்துவிட்டால், தப்பாகச் செய்வதே கடினமாகிவிடும். உங்கள் பழைய நுணுக்கக் கண்ணை அங்கே கொண்டுபோய்க் கொட்டுங்கள். குழுவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பயன்படும்.

மூன்றாவது, உங்கள் ரசனை. "நானா இருந்தா கார்டோட மூலையை இன்னும் வளைச்சிருப்பேன்." இதை விழுங்கிவிடுங்கள். "இது என் ரசனைதான், எடுத்துக்க வேண்டாம்" என்று முன்னுரை சொல்லிவிட்டுச் சொன்னாலும், ஜூனியரின் காதில் அது உத்தரவாகவே விழும். அன்று மாலையே மூலையை வளைத்துக்கொண்டு வந்து நிற்பார்.

வேலை செய்தவர் உங்கள் விருப்பத்துக்கு மாறாக ஒரு முடிவு எடுத்து, அது விளைவுக்கு ஒத்துவருகிறது என்றால், எல்லோர் முன்னாலும் அதை ஆமோதியுங்கள். குழு உங்களை நம்பத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

ஐந்தாம் படி: எந்த நுணுக்கத்தில் நீங்களே இறங்க வேண்டும்

விளைவு ஒரு நுணுக்கத்தின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிற இடங்கள் உண்டு. பாம் பீச்சில் துளையின் இடம் அப்படிப்பட்டது. அங்கே நீங்கள் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். பணம் கைமாறும் இடம், உடல்நலம் சம்பந்தப்பட்ட அறிவுறுத்தல், ஒப்புதல் கேட்கும் இடம், செய்தால் திரும்ப மாற்ற முடியாத செயல், பிழை நேர்ந்தபோது காட்டும் செய்தி. எந்தச் செயலியாக இருந்தாலும் இந்த ஐந்தையும் லீட் தன் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்பது என் கருத்து.

தமிழில் வரும் செயலிகளுக்கு இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிகிற பட்டன் தமிழில் "முன்பதிவு செய்க" என்று நீளும். பெட்டி பழைய அளவிலேயே இருந்தால் "முன்பதி..." என்று பாதியில் நின்றுவிடும். வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு வைத்தபடியே விட்டுவிட்டால் "கீ", "ழூ" போன்ற எழுத்துகளின் மேலும் கீழும் வெட்டுப்படும். மொழிபெயர்ப்பு கடைசி நாளில்தான் வந்து சேரும் என்பதால் இதை டிசைனர்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. வார்த்தைத் தேர்வும் அப்படித்தான். "உண்ணாநிலையில் இருக்கவும்" என்று எழுதினால் அகராதிப்படி சரி, ஆனால் டாக்டரும் நர்ஸும் காலம் காலமாகச் சொல்வது "வெறும் வயித்துல வாங்க" என்பதுதான். "வெறும் வயிற்றில்" என்று போடுங்கள். அதிலும் சந்தேகம் வருகிறவர்கள் உண்டு. காபி சாப்பாட்டில் சேர்த்தியா என்று கேட்பார்கள். அதனால்தான் மேலே சொன்ன செய்தியில் காபி, டீ என்று தனியாக எழுதினேன். ஒரு லீட் ஒரு மணி நேரம் செலவழிக்கத் தகுதியான நுணுக்கம் அந்த ஒரு வரி.

ஆறாம் படி: வெளியான பிறகு திரும்பிப் பாருங்கள்

ரிலீஸ் ஆன அன்று கேக் வெட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. காலண்டரில் இரண்டு தேதிகளை ரிலீஸுக்கு முன்பே குறித்துவிடுங்கள்: இரண்டு வாரம் கழித்து ஒன்று, ஆறு அல்லது எட்டு வாரம் கழித்து ஒன்று. முதலாவதில் ஏதாவது உடைந்திருக்கிறதா என்று தெரியும். இரண்டாவதில்தான் பழக்கம் மாறியதா என்று தெரியும்.

எண் அசையாவிட்டால் என்ன செய்வது? குழுவைக் கூட்டி யார் மேல் தப்பு என்று தேட வேண்டாம். நாம் நம்பியது எந்த இடத்தில் பொய்த்தது என்று தேடுங்கள். செய்தி போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் படிக்கவில்லையா, படித்தும் புரியவில்லையா, புரிந்தும் முடியவில்லையா? சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் முதியவருக்குக் காலை 9 மணி வரை சாப்பிடாமல் இருப்பது கஷ்டம். அவருக்குச் செய்தியால் பயனில்லை, காலை 6 மணிக்கே ஆள் போனால்தான் பயன். அப்போது தீர்வு உங்கள் கையை விட்டு, ஆட்களை அனுப்பும் பிரிவின் கைக்குப் போகிறது. அவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் டிசைன் லீடின் வேலைதான்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: வாக்கியம், பழைய எண், நாம் நம்பியது, செய்தது, புதிய எண். மேலதிகாரியிடம் பேசப் போகும்போது ஸ்க்ரீன்களை விட்டுவிட்டு இந்தப் பக்கத்தை எடுத்துப் போங்கள். ஆண்டு மதிப்பீட்டில் குழுவினருக்காகப் பேசும்போதும் இதுவே உங்கள் ஆதாரம். எத்தனை ஸ்க்ரீன் செய்தார் என்பதை விட்டுவிட்டு, எந்த முடிவைத் தானாக எடுத்தார், அதனால் என்ன நடந்தது என்று எழுதுங்கள். எண் அசையாத வேலையிலும் நன்றாக யோசித்தவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த முறை எல்லோரும் எளிதாக அசையும் எண்ணையே தேர்ந்தெடுப்பார்கள்.

எங்கே தொடங்குவது

குழுவின் எல்லா வேலைகளையும் ஒரே திங்கட்கிழமையில் இந்த முறைக்கு மாற்றப் பார்க்காதீர்கள். இன்னும் யாரும் வரையத் தொடங்காத ஒரு வேலையை எடுங்கள். ஆறேழு வாரத்தில் வெளியாகக் கூடியதாகவும், உங்களோடு மனம்விட்டுப் பேசும் ப்ராடக்ட் மேனேஜருடையதாகவும் இருந்தால் நல்லது. அந்த ஒன்றுக்கு மட்டும் வாக்கியம் எழுதி, இன்றைய நிலையை எண்ணி, ரிவியூவை மாற்றி நடத்துங்கள். மற்ற வேலைகள் பழையபடியே ஓடட்டும், அவற்றில் உங்கள் கமென்டுகளைப் பாதியாக மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையின் பக்கம் நிரம்பியதும் அதைக் குழுவின் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அடுத்த வேலைக்கு வாக்கியம் எழுதும் பொறுப்பை ஜூனியர் ஒருவரிடம் கொடுங்கள்.